ஒரு மில்லிமீட்டர் கேள்வி

பெருங்குடலில் ஆரம்ப நிலைப் புற்று ஒன்று தென்பட்டால், அது எவ்வளவு பெரியது என்பதை விட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம். ஏன்?

குடல் சுவர் அடுக்கடுக்கானது. மேலே சளிப்படலம், அதன் கீழே ஒரு மெல்லிய அடுக்கு, அதற்கும் கீழே தசை. புற்று சளிப்படலத்தோடு நின்றுவிட்டால் பரவும் ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. கொலனோஸ்கோப்பி குழாய் வழியாகவே அதை எடுத்துவிடலாம். அடுத்த அடுக்கில் ஆழமாக இறங்கிவிட்டால் நிணநீர்க் குழாய்கள் வழியாகப் பரவலாம். அப்போது குடலில் ஒரு பகுதியையே அறுத்து எடுக்க வேண்டிவரும்.

கொலனோஸ்கோப்பி வழியாகக் கட்டியை எடுக்கும் முறை 1969ல் நியூயார்க்கில் தொடங்கியது. வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் கம்பிச் சுருக்குப் போட்டு பாலிப்பை எடுத்துக் காட்டினார்கள். வயிற்றைத் திறக்காமலே வேலை முடிந்தது! ஆனால் எதை இப்படி எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? ஆழத்தை அளக்க வேண்டுமானால் கட்டியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். முடிவோ அதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு விடை ஜப்பானின் அகிதா நகரிலிருந்து வந்தது. அங்கே செஞ்சிலுவை மருத்துவமனையில் பணியாற்றிய ஷின்-எய் குதோ, புடைத்து நிற்காமல் குழிந்து கிடக்கும் சிறு புற்றுகளைத் தேடிப் பிடித்தார். அளவில் சிறியவை, ஆனால் ஆழமாக இறங்குபவை. மேற்கத்திய மருத்துவர்கள் பலர் இது ஜப்பானியருக்கு மட்டும் வருவது என்று நினைத்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1000 பேரைப் பரிசோதித்த ஆய்வு 2000ல் வெளியானது. அங்கும் தட்டையானவை, குழிந்தவை இருந்தன!

குதோவின் வழி இதுதான்: குடலின் உட்பரப்பில் சாயத்தைத் தெளித்து, உருப்பெருக்கும் கொலனோஸ்கோப் மூலம் அங்குள்ள நுண்துளைகளைப் பார்ப்பது. 1990களில் அவற்றின் வடிவங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். துளைகள் ஒழுங்காக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒழுங்கு குலைந்து, துளைகளே அழிந்து போயிருந்தால் புற்று ஆழம் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதாவது, மேற்பரப்பைப் படித்தே ஆழத்தைச் சொல்வது.

1994ல் இன்னொரு அடையாளத்தையும் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள். கட்டியின் அடியில் உப்பு நீரை ஊசியால் செலுத்தினால் மேலோட்டமான கட்டி எழும்பி வரும். ஆழமாக வேர் விட்டது எழும்பாது.

சரி, எவ்வளவு ஆழம் வரை பயமில்லை? 2004ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று 865 நோயாளிகளின் விவரங்களை அலசியது. காம்பில்லாத கட்டிகளில், கீழ் அடுக்கில் 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இறங்கியவை எதுவும் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கவில்லை. 2005ல் ஜப்பானிய சிகிச்சை வழிகாட்டியும் இந்த 1 மில்லிமீட்டரை எல்லையாக ஏற்றது.

அதன் பிறகு சாயமே தேவைப்படாத முறை வந்தது. குறிப்பிட்ட நீல, பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சினால் இரத்த நாளங்கள் தெளிவாகத் தெரியும். அந்தப் படங்களை வகைப்படுத்த 2014ல் ஜப்பானில் பொதுவான அட்டவணை ஒன்று உருவானது. அதிலும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. அதில் மேலோட்டமானதும் ஆழமானதும் கலந்தே வரும். அங்கே மறுபடியும் சாயம்தான் கைகொடுக்கிறது.

கண் எப்போதும் சரியாகச் சொல்லிவிடாது. ஆழத்தைக் கூட்டிக் கணித்தால் தேவையில்லாத அறுவை சிகிச்சை. குறைத்துக் கணித்தால் பரவியது உள்ளேயே தங்கிவிடலாம். அதனால்தான் எடுத்த கட்டியை நோய்க்குறியியல் மருத்துவர் அளந்து பார்த்த பிறகே கணக்கு முடிகிறது. ஆனாலும் முதல் முடிவு படத்தைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. சில சமயம் ஒருவருடைய குடலின் ஒரு பகுதி தப்புவதே அந்த ஒரு மில்லிமீட்டரால்தான்!