கட்டத்தாள் வகுப்பறைக்கு வந்த வரலாறு

ஒன்றன் அளவு மாறுங்கால் அதனைச் சார்ந்த மற்றொன்றன் அளவும் ஒரு நியதிப்படி மாறுமாயின், அவ்வுறவினைச் சார்பு என்கிறோம். அதனைக் கோடாக்கிக் காட்டுவது வரைபடம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்க்கு இவ்விரண்டையும் கற்பிக்கும் நாம், பெரும்பாலும் சூத்திரத்தை முதலில் எழுதிவிடுகிறோம். பின்னர் அதில் எண்களைப் பெய்து அட்டவணை செய்கிறோம். புள்ளிகள் கடைசியில் வருகின்றன. வரலாறு நடந்த வழி இதுவன்று.

நம் நாட்டில் சார்பு முதற்கண் அட்டவணையாகவே வாழ்ந்தது. ஆரியபடர் கால்வட்டத்தை 24 கூறாக்கி, கோணம் ஏற ஏற அரைநாண் எவ்வளவு ஏறுகிறது என்பதை 225, 224, 222 எனத் தொடங்கி 22, 7 என முடியும் எண்களாக ஒரே செய்யுளில் அடக்கினார். பிரம்மகுப்தர் கி.பி. 665-இல் இயற்றிய கண்டகாத்யகத்தில் வழங்கும் அட்டவணை இன்னும் எளியது. ஆரம் 150, கோணம் 15 பாகை வீதம் ஏறுகிறது, அரைநாணின் ஏற்றங்கள் 39, 36, 31, 24, 15, 5. ஆறே எண்கள்! மலையடியில் செங்குத்தாகவும் உச்சியில் ஏறக்குறையச் சமமாகவும் அமைந்த படிகளைப் போல அவை குறைந்துவருகின்றன. ஆயினும் அவ்வளைவை அவர்கள் நம்மைப்போல் அச்சுகளிட்டு வரைந்தாரல்லர்.

படத்தின் வழி ஐரோப்பாவில் பிறந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஒரேம் என்னும் பிரெஞ்சு அறிஞர் மாறும் வேகத்தை உருவமாக வரைந்தார். 1637-இல் டேக்கார்ட் வெளியிட்ட நூல் சமன்பாட்டையும் வளைகோட்டையும் இணைத்தது. அதன்பின் இரண்டரை நூற்றாண்டுக் காலம் இக்கலை சிறுவர் பள்ளிக்குள் பெரிதும் நுழையவில்லை. அங்கே யூக்ளிடின் தேற்றங்கள் ஆட்சி செய்தன.

அக்கதவைத் தட்டியவர்களுள் முன்நின்றவர் ஒரு பொறியியலார். டோக்கியோவிலும் பின் லண்டனிலும் கற்பித்த ஜான் பெரி, 1901-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தில், மாணவன் தானே அளந்த அளவுகளைக் கட்டத்தாளில் குறிக்கட்டும் என வாதாடினார். தருக்க ஒழுங்கு கெடும் என அஞ்சியோர் பலர். 1905-இல் ஜெர்மானியக் கணிதர் பெலிக்ஸ் கிளைன் முன்னின்று உருவான மெரான் பாடத்திட்டம், சார்புச் சிந்தனையையே பள்ளிக் கணிதத்தின் நடுவில் வைத்தது.

கட்டத்தாள் வந்தது, ஆனால் அளத்தல் எல்லா இடத்தும் உடன் வரவில்லை. ஆசிரியர் தந்த சமன்பாட்டுக்குப் புள்ளியிட்டுக் கோடிழுக்கும் சிறுவன், எதற்காக இழுக்கிறோம் என்று கேட்பதில்லை. அவன் மேல் நமக்குக் குறையில்லை.

அவனிடம் பிரம்மகுப்தரின் ஆறு எண்களைக் கொடுத்துப் பார்ப்போம். கூட்டிக்கொண்டே வந்தால் 39, 75, 106, 130, 145, 150 என்று வரும். ஓர் அலகுக்கு ஒரு மில்லிமீட்டராகக் குறிக்கட்டும். 60 பாகைக்கு 130, 75 பாகைக்கு 145. நடுவில் உள்ள 67½ பாகைக்கு எவ்வளவு? அளவுகோலை வைத்து நேர்கோடு இழுப்பவனுக்கு 137½ கிடைக்கும். கையை வளைவின் போக்கில் விட்டு இழுப்பவனுக்கு ஏறத்தாழ ஒரு சிறு கட்டம் மேலே வரும். இருவரும் வாதாடட்டும். உண்மை அளவு 138½-க்குச் சற்று மேல். ஏற்றம் குறைந்துவரும் விதத்தையும் கணக்கில் சேர்க்கப் பிரம்மகுப்தர் வகுத்த விதி, படமின்றியே, 138⅝ எனத் தருகிறது.