ஸ்ரீவிஜயம் போகிறவர்கள் கவனத்திற்கு...

சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ யாராவது கிளம்பினால் நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? பணத்தை விமான நிலையத்தில் மாற்றாதே, மழைக்காலம் பார்த்துப் போ, நம்மூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைத்துக்கொள், அந்த ஊர் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள். ஏறக்குறைய இதே மாதிரிக் குறிப்புகளை 1300 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? எழுதியது ஒரு சீனத் துறவி. ஊர், ஸ்ரீவிஜயத்தின் தலைநகரம். இன்றைய இந்தோனேசியாவில், சுமத்ரா தீவில், மூசி ஆற்றங்கரையில் இருக்கும் பாலெம்பாங்தான் அது என்று 1918ல் ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் அடையாளம் காட்டினார்.

வழி சொல்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் போக ஒரு பாணனுக்கு வழி சொல்கிறது. எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும், துறைமுகம் எப்படி இருக்கும், எல்லாம் அதில் உண்டு. வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கும் எங்கள் தென்னேரியின் பெயரே 'திரையன் ஏரி' என்பது மருவி வந்தது என்று சொல்வார்கள்.

ஆனால் கடல் தாண்டிப் போகிறவனுக்கு ஓர் ஆற்றுப்படை? அப்படி ஒன்று நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் அடுத்தவர் எழுதியதிலிருந்து ஆரம்பிப்போம்.

குறிப்பு 1: காற்று வரும் வரை காத்திரு

யிஜிங் (பழைய புத்தகங்களில் இத்சிங்) கி.பி. 671ல் குவாங்சோவிலிருந்து ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார். வாடைக்காற்று தள்ளிக்கொண்டு போனதால் இருபது நாளுக்குள் ஸ்ரீவிஜயம் வந்துவிட்டார். ஆனால் அங்கே ஆறு மாதம் தங்கினார்! பிறகு மலாயு என்ற ஊரில் இரண்டு மாதம். அதற்குப் பிறகு கடாரம். அங்கிருந்துதான் வங்காளக் கடற்கரைக்குக் கப்பல்.

காரணம் பருவக்காற்று. வருடத்தில் பாதி வடகிழக்கிலிருந்து வீசும், மீதிப் பாதி தென்மேற்கிலிருந்து வீசும். பாய்மரக் கப்பல்களுக்கு இதுதான் கால அட்டவணை. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவில் இருந்த ஸ்ரீவிஜயம், காற்று மாறும் வரை எல்லோரும் காத்திருக்கும் இடம். அந்த ஊர் பரபரப்பாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காற்றோடு விளையாடினால் என்ன ஆகும் என்பதற்கும் யிஜிங்கே உதாரணம். நாளந்தாவில் பத்து வருடம் படித்துவிட்டு மறுபடி ஸ்ரீவிஜயம் வந்தார். 689ல், ஊரிலிருந்து காகிதமும் மையும் எழுத ஆட்களும் வேண்டும் என்று கடிதம் கொடுத்தனுப்பக் கப்பலுக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது, பாய் விரித்துவிட்டார்கள். இறங்க வழியில்லை. அவர் நேராகக் குவாங்சோ போய்ச் சேர்ந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த ஐந்து லட்சம் சுலோகச் சுவடிகள் ஸ்ரீவிஜயத்திலேயே நின்றுவிட்டன. அதே வருடக் கடைசியில் உதவியாளர்களோடு திரும்பி வந்தார்.

குறிப்பு 2: சும்மா காத்திருக்காதே, படி

யிஜிங் சொன்ன புகழ்பெற்ற யோசனை இதுதான்: இந்தியா போய்ப் படிக்க நினைக்கும் சீனத் துறவி முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஒன்றிரண்டு வருடம் இருந்து, முறைகளைப் பழகிக்கொண்டு, பிறகு போவது நல்லது. அந்தக் கோட்டை நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் இருந்தார்கள், படிப்பும் சடங்குகளும் மத்திய இந்தியாவில் இருப்பது போலவே இருந்தன என்கிறார். அவரும் அந்த ஆறு மாதத்தில் சமஸ்கிருத இலக்கணம் கற்றார். வேறு சில துறவிகள் அந்த வட்டாரத்துப் பேச்சுமொழியையும் கற்றுக்கொண்டார்கள்.

இன்று நம் மாணவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் மொழித் தேர்வுக்குப் படிக்கிறார்களே, அது மாதிரிதான்.

குறிப்பு 3: வழக்கம் தெரிந்துகொள், இரும்பு எடுத்துப் போ

தென்கடல் தீவுகளில் விருந்துக்கு அழைப்பவர் முதலில் பாக்கும், வாசனைத் தைலமும், கொஞ்சம் அரிசியும் தருவார் என்று யிஜிங் எழுதுகிறார். பாக்கு வைத்து அழைக்கும் நமக்கு அது விளங்கும். சீன வாசகருக்கு விளக்க வேண்டியிருந்தது.

கடாரத்திலிருந்து வடக்கே பத்து நாளுக்கு மேல் போனால் ஆடையில்லாதவர்கள் வாழும் தீவு ஒன்று வரும் என்கிறார். அது நிக்கோபார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். படகு படகாகத் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டு வருவார்களாம். காசெல்லாம் வேண்டாம், இரும்புதான் வேண்டும். இரண்டு விரல் அளவு இரும்புக்கு ஐந்து அல்லது பத்துத் தேங்காய். கொடுக்க மறுத்தால் விஷ அம்பு! இதைவிடப் பயனுள்ள பயணக் குறிப்பு ஒன்று இருக்க முடியுமா?

காஞ்சியிலிருந்து ஒருவர்

சரி, நம் பக்கத்திலிருந்து யாரும் போகவில்லையா? போனார்கள். தென்னிந்தியத் துறவியான வஜ்ரபோதி பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சியில் இருந்தார். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்தான் இந்த மன்னன். மழை பொய்த்திருந்த நாட்டுக்கு அவர் மழை வேண்டினார் என்று சீன நூல்கள் சொல்கின்றன.

பிறகு இலங்கை போய், முப்பத்தைந்து பாரசீகக் கப்பல்களோடு சேர்ந்து புறப்பட்டார். ஒரு மாதத்தில் ஸ்ரீவிஜயம். அந்த ஊர் அரசன் பொற்குடையோடு வரவேற்றான். ஆனால் காற்று சரியில்லை. ஐந்து மாதம் காத்திருந்தார். அதன் பிறகும் நடுக்கடலில் புயல். கூட வந்த கப்பல்கள் சிதறிப் போயின. அவர் சீனா போய்ச் சேர்ந்தது 719-720 வாக்கில். யிஜிங் எதிர்த்திசையில் அனுபவித்ததையே இவரும் அனுபவித்திருக்கிறார். ஆனால் இவர் கதையும் சீன மொழியில்தான் கிடைக்கிறது.

நம்மவர்கள் எழுதியது எங்கே?

கல்லில் இருக்கிறது. இரண்டே இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, தாய்லாந்தின் மேற்குக் கடற்கரையில் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் வெட்டியதையும், அதை மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியவர்களின் பாதுகாப்பில் விட்டதையும் அது சொல்கிறது. மணிக்கிராமம் வணிகர் குழு. சேனாமுகத்தார், பெயரைப் பார்த்தால் காவல் படை போலத் தெரிகிறது. அவனிநாரணன் என்பது காஞ்சியை ஆண்ட மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர்.

இதை நான் ஒரு பயணக் குறிப்பாகவே படிக்கிறேன். மாதக்கணக்கில் காற்றுக்குக் காத்திருப்பவனுக்கு முதலில் என்ன வேண்டும்? குடிக்கத் தண்ணீர். ஏரியும் குளமும் வெட்டி வாழ்ந்த தொண்டை நாட்டு அரசனின் பெயரை, கடல் தாண்டிப் போன இடத்திலும் ஒரு குளத்துக்கே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற வணிகர் குழு கூடி எடுத்த முடிவு அதில் இருக்கிறது. கப்பல் தலைவர்கள் முதலானவர்கள் கஸ்தூரியின் விலையைக் கணக்காக வைத்துப் பொன்னில் கட்டணம் செலுத்த வேண்டும், அதன் பிறகுதான் விரித்த பாவாடையில் கால் வைக்கலாம். (இங்கே பாவாடை என்றால் மரியாதைக்காகத் தரையில் விரிக்கும் துணி.) சுருக்கமாகச் சொன்னால், நுழைவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே வா!

இதில் என்ன பெரிய விஷயம்?

தென்கிழக்கு ஆசியாவோடு நமக்கு என்ன உறவு என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: ராஜேந்திர சோழன், 1025, கடாரம் கொண்டான். பெருமைப்பட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த மெய்க்கீர்த்தியில் தோற்ற ஊர்களின் பட்டியலில் முதலில் வருவது எது தெரியுமா? ஸ்ரீவிஜயம். யிஜிங்குக்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்த ஊர். காஞ்சியிலிருந்து போன துறவியை ஐந்து மாதம் வைத்துப் பார்த்துக்கொண்ட ஊர். அந்த நாட்டு அரசன் சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரமே இருந்தது. அதற்கு ராஜேந்திரனின் தந்தை முதலாம் ராஜராஜன் 1006ல் ஆனைமங்கலம் கிராமத்தைத் தந்ததை லெய்டன் செப்பேடுகள் சொல்கின்றன. இருபது வருடத்துக்குள் அந்த நாட்டின் மீதே படையெடுப்பு.

போர் நடக்கவில்லை என்றோ, அதைச் சொல்லக் கூடாது என்றோ நான் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் எனக்கு இடிக்கிறது. படை போய் வந்து 63 வருடம் கழித்து, அதே சுமத்ராவில் நம் வணிகர்கள் கஸ்தூரி விலையைப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். படையெடுப்புக்கு முன்பும் பின்பும் பல நூற்றாண்டுகள் அந்தக் கடலில் போய் வந்தவர்கள் படிக்கப் போனவர்களும், விற்கப் போனவர்களும், காற்றுக்காகக் காத்திருந்தவர்களும்தான். அவர்களை நம்பித்தான் அந்த ஊர்கள் இருந்தன. அந்த ஊர்களை நம்பித்தான் அவர்களும் இருந்தார்கள்.

இன்று பாலெம்பாங் போனால் நகரத்துக்கு மேலே மெட்ரோ போன்ற ரயில் ஓடுகிறது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. போகிறவர்கள் ஆற்றைப் பாருங்கள். 682ஆம் ஆண்டைச் சேர்ந்த கெடுகான் புகிட் கல்வெட்டு அந்த ஊரில்தான் கிடைத்தது. மொழி பழைய மலாய், எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. அதன் படத்தைத் தேடிப் பாருங்கள். படையெடுப்புக்கு 340 வருடங்களுக்கு முன்பே, நம் பக்கத்து எழுத்தை வைத்து அவர்கள் தங்கள் மொழியை எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.