காவலூரில் அயலார்: ஜவ்வாது மலையும் ஊர் விட்டுப் போனவர்களும்

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்துக்கு மேலே, ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரை வைணு பாப்பு வானாய்வகத்தின் பெயரால் நாம் அறிவோம். காவலூர் இருக்கும் ஜவ்வாது மலையில் நெடுங்காலமாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ் பேசும் மலைக்குடிகள் இவர்கள். இன்று அரசின் பழங்குடிப் பட்டியலில் இருக்கும் இவர்கள், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். அயலில் வாழப் போனவரைச் சொந்த ஊர் எப்படி நடத்தியது என்ற வரலாற்றை இந்த மலையிலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து.

வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவான மரபுக்கதை ஒன்றை எட்கர் தர்ஸ்டன் 1909இல் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தம் தொகுப்பில் சேர்த்தார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். வேளாளர் ஏளனமாக மறுக்க, வேடர்கள் ஏழு பெண்களைக் கடத்திப்போனார்கள். மீட்டுவர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று எண்ணிக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள்; நாய்கள் பாதி ஆற்றிலிருந்து திரும்பிக் காஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பியவர்களுக்குச் சடங்கெல்லாம் முடிந்திருந்தது. மனைவியர் கைம்பெண்கள் ஆகியிருந்தார்கள். சாதியிலும் இடமில்லை. அந்த ஆண்கள் வேடர் குலத்தில் பெண் எடுத்து, ஜவ்வாது மலையேறி உழுது பிழைத்தார்கள்.

கதை தன் காலத்தை 1132 என்கிறது. இப்படியொரு துல்லியத்தை வரலாறாகக் கொள்ள முடியாது. சேர்வராயன் மலை மலையாளிகளிடமும் காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் கதை வழங்கியது. சமவெளியின் உயர்குடியோடு தம்மை இணைத்துக்கொள்ளும் விருப்பம் இரண்டிலும் தெரிகிறது. ஆனாலும் ஜவ்வாதுக் கதையில் ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த ஏழு பேரை ஒதுக்கியது அயல் நிலம் அல்ல. மலை இடம் கொடுத்தது, பகைவர் குலம் பெண் கொடுத்தது. கதவை அடைத்தது காஞ்சி. உயிரோடு நிற்பவனைக் கண்ணால் பார்த்த பிறகும் செய்த சடங்கை மாற்ற ஊருக்கு வழி இல்லை.

இதை வெறும் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1914இல் கணித மேதை ராமானுஜன் கப்பலேறியபோது, ஆசாரமான பிராமணர்களிடையே கடல் கடப்பது சாதி விலக்குக்கு உரிய குற்றம். தாயார் கோமளத்தம்மாள் முதலில் இசையவில்லை. கேம்பிரிட்ஜில் அவருக்குக் கணக்கு எளிதாக இருந்தது, படுக்கை எளிதாக இல்லை. குளிரில் நடுங்கியபடி மேலங்கியைப் போர்த்திக்கொண்டு தூங்குவதாக நண்பர் மகலனோபிசிடம் சொன்னார். அவர் வந்து பார்த்தால், கம்பளிகள் மெத்தையோடு சேர்த்து இறுகச் செருகிக் கிடந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானே சமைத்து உண்டவர். ஒருமுறை தாம் விருந்துக்கு அழைத்திருந்த நண்பர்கள் மறுபடி ரசம் வேண்டாம் என்று சொன்னதற்கே மனம் உடைந்து, யாரிடமும் சொல்லாமல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார். எந்த நாட்டிலும் தன் கையால் சமைத்துப் பரிமாறியவருக்கு அந்த வலி புரியும்.

1918இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. டிரினிட்டி கல்லூரியும் அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 1919இல் நோயாளியாகத் திரும்பினார். ராமேசுவரம் போய்க் கழுவாய் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, உடல் இடம் தரவில்லை. 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் இறந்தபோது, ஆசாரம் பார்த்த உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. உயிரோடு இருந்தவர்களுக்குக் கருமாதி செய்த ஊர் கதையில் வருகிறது. இறந்தவரின் கருமாதிக்கு வராத சுற்றம் இருபதாம் நூற்றாண்டில் இருந்திருக்கிறது.

அடுத்த தலைமுறையில் நிலைமை மாறிவிட்டது. 1927இல் சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்பு 1949இல் ஹார்வர்டுக்குப் போனார். அந்த ஆண்டே அவர் பெயரையும் தாங்கிய பாப்பு-பாக்-நியூகிர்க் வால்மீன் கண்டறியப்பட்டது. ஊரில் யாரும் கழுவாய் கேட்டதாகத் தெரியவில்லை. அங்கேயே தங்கியிருக்கலாம், 1953இல் திரும்பினார். நைனிதாலிலும் பிறகு கொடைக்கானலிலும் பணியாற்றி, வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்க ஏற்ற காவலூரைத் தேர்ந்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி, 1972இல் ஜெர்மனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி என மலையில் வானாய்வு வளர்ந்தது. உள்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. 1982இல் மியூனிக்கில் காலமாகியிருந்தார். அப்போது அவர் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவர்.

1988இல் காவலூரிலிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். சுற்றத்தார் ஒதுக்கியவரின் பெயர், ஊர் ஒதுக்கியவர்கள் வந்தேறியதாகச் சொல்லும் மலையிலிருந்து வானுக்குப் போயிற்று. கடல் கடந்த படிப்பாளியைப் பொறுத்தவரை அந்தப் பழைய கதவு திறந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.

மலைக்காரர்களுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. கதையில் வரும் கங்குந்தி இன்று ஆந்திரத்தில் குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கூலிக்காக அந்த மாநிலத்துக்குப் போகும் ஜவ்வாது மலை ஆண்களைச் செம்மரக் கடத்தல்காரர்கள் மரம் வெட்டக் காட்டுக்குள் இறக்கிவிடுகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது, சித்தேரி மலைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மொழி தெரியாத இடத்தில், தமக்காகப் பேச ஆளில்லாத அயலாராக அவர்கள் இறந்தார்கள்.

அயலகத் தமிழர் ஆய்வு என்றால் சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ என்றே நம் பல்கலைக்கழகங்கள் தொடங்குகின்றன. பக்கத்து மாநிலத்துக்குப் போன இந்த மலையாளிகளின் வாழ்க்கையையும் அந்த ஆய்வில் சேர்க்க வேண்டும். காவலூரில் முதல் தொலைநோக்கி வந்ததைப் பார்த்த முதியவர்களிடம், தங்கள் மலைக்கு வந்த அயலாரைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதையும் இப்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.