புகைமூட்டமும் கைமருந்தும்

மூக்கடைப்பும் சளியும் மலேசியத் தமிழர் இல்லங்களுக்குப் புதியன அல்ல. கடல் கடந்து வந்து கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலும் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த மக்கள், தம் முன்னோரின் கைமருந்தையும் உடன் கொண்டு வந்தனர். நொச்சித் தழையிட்ட வெந்நீரில் ஆவி பிடித்தல், சுக்கும் மிளகும் தட்டிய கசாயம், மஞ்சள் பால் ஆகியன தடுமன் கண்டவர்க்கு இன்றும் இதமளித்து வருகின்றன.

ஆயின், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வேறொரு துன்பம் வாயிற்படி ஏறியது. 1997-ஆம் ஆண்டின் எல் நினோ வறட்சியில் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகை மலேசியா மீது கவிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. எட்டாண்டுகளுக்குப் பின் கிள்ளானுக்கும் அந்நிலை நேர்ந்தது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலே உடல்நலத்திற்குக் கேடு. 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அது 500-ஐயும் கடந்தது. அவ்விரு பகுதிகளிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, பள்ளிகள் மூடப்பட்டன.

தடுமனும் புகைமூட்டமும் மூக்கையும் தொண்டையையும் ஒருபோலவே வருத்துவதால், இரண்டிற்கும் ஒரே மருந்தை நாடுதல் இயல்பு. ஆனால் அவற்றின் வேர் வெவ்வேறு. தடுமன் கிருமியால் வருவது; சில நாள்களில் தானே தணிவது. புகையிலோ 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள்கள் உள்ளன. தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான இவை, மூக்கின் மயிரையும் சளியையும் கடந்து நுரையீரலின் ஆழம்வரை செல்லும். 2005-இல் மலேசியக் குறியீடு இந்நுண்துகளைத் தனியே கணக்கிடவில்லை; 2018-இல்தான் இது சேர்க்கப்பட்டது.

ஆகவே, ஆவி மூக்கிற்குச் சுகம் தரலாம். நுரையீரலுக்குள் புகுந்த துகளை அது வெளியேற்றாது. கொதிநீர்ப் பாத்திரத்தால் குழந்தைகள் வெந்துபோகும் இடரும் உண்டு. புகைமூட்டக் காலத்தில் சன்னல்களை அடைத்தல், நீர் நிறையப் பருகுதல், கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுதல், வெளியே செல்ல நேர்ந்தால் என்95 முகக்கவசம் அணிதல் ஆகியன பயன் தரும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றை அந்நாள்களில் தவிர்த்தல் வேண்டும். நுரையீரலுக்குக் காட்டுப் புகையும் வீட்டுப் புகையும் ஒன்றே. ஆஸ்துமா உடையோர் மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தலாகாது. மூச்சுத் திணறல் மிகுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச இயலாது போனாலோ, கைமருந்தில் காலம் கடத்தாது மருத்துவமனைக்கு விரைதல் கடமை.

எல்லை கடந்த புகையைத் தடுக்க, 2002 ஜூன் 10-ஆம் நாள் கோலாலம்பூரில் ஆசியான் நாடுகள் உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. இந்தோனேசியா அதனை 2014-இல்தான் ஏற்புறுதி செய்தது. அதன் பின்னரும் 2015-இலும் 2019-இலும் புகை மீண்டும் வந்தது. பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. காட்டுத் தீயை அணைத்தல் அரசுகளின் பொறுப்பு. நாள்தோறும் குறியீட்டைப் பார்த்து, விளையாட்டுத் திடலுக்குச் செல்லலாமா, வகுப்பறையில் இருக்க வேண்டுமா என முடிவு செய்யும் பழக்கத்தை மாணவர்க்கு ஊட்டுதல் ஆசிரியர் கடன். பாட்டியின் கைமருந்தைப் போற்றும் பிள்ளைகள், அதன் எல்லையையும் அறிந்து வளர்தல் நன்று.