வயண்டாட் கோழியின் கால்வழி

கோழி தமிழர்க்குப் புதிய பறவையன்று. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பதும் ஒரு பெயர். யானையைக் கோழி ஒன்று பொருது வென்ற இடமாதலின் அந்நகர் அப்பெயர் பெற்றது என்பது பழங்கதை. வாரணம் என்னும் ஒரே சொல் யானைக்கும் கோழிக்கும் பெயராகும். குறுந்தொகைப் புலவருள் ஒருவர் குப்பைக் கோழியார் என்றே வழங்கப்பெறுகிறார். முருகன் ஏந்திய கொடியோ சேவற்கொடி. இத்துணைச் சிறப்புடைய பறவையை ஆசிரியர் பாடலில் கண்டு விளக்குவர். வீட்டின் பின்புறத்தில் மேயும் கோழிக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பது அரிது.

மலாக்கா மாநிலத்துக் கோழிக்கும் எழுதப்பட்ட வரலாறு உண்டு. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹோவின் கப்பற்படையுடன் வந்த மா ஹுவான் என்னும் சீனர், மலாக்காவில் கோழியும் வாத்தும் இருப்பினும் மிகுதியாக இல்லை என்றும், அவற்றின் விலை மிக அதிகம் என்றும் குறித்துள்ளார். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின, தமிழர் குடியேறினர், லயன் வீடுகளின் பின்னே கோழிக்கூண்டுகள் எழுந்தன. கிளேபாங் கடலோரக் கம்பங்கள் முதல் ஜாசின், அலோர் காஜா தோட்டங்கள் வரை மேய்ந்தது கம்பத்துக் கோழியே. அதற்கு இனப்பெயர் இல்லை. கால்வழி கூறும் ஏடும் இல்லை. ஆதலின் அதனை எளிய கோழி என ஒதுக்கி, வெளிநாட்டு இனங்களையே ‘சாதிக்கோழி’ எனப் போற்றுவாரும் உளர். இம்மதிப்பீடு பொருந்துமா? உலகப் புகழ்பெற்ற சாதிக்கோழி ஒன்றின் கால்வழியை ஆராய்ந்தால் விடை கிடைக்கும்.

வயண்டாட் என்பது அமெரிக்க நாட்டில் உருவாக்கப்பட்ட இனம். சேவல் 8½ ராத்தலும் பெட்டை 6½ ராத்தலும் நிறை உடையனவாக இருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. உருண்டு திரண்ட உடல், அடர்ந்த இறகு, மயிரற்ற மஞ்சட்கால், தலையோடு ஒட்டிப் படிந்த ரோஜாக் கொண்டை ஆகியன இதன் அடையாளங்கள். முட்டை பழுப்பு நிறமுடையது. ஆண்டுக்கு ஏறத்தாழ 200 வரை இடும். வெள்ளி வரி வயண்டாட்டின் ஒவ்வொரு வெண்ணிற இறகையும் கருங்கோடு ஒன்று கரையிட்டாற்போல் சூழ்ந்திருக்கும். இவ்வகையே முதன்முதலில், 1883இல், அமெரிக்கக் கோழியினங்களின் தர ஏட்டில் இடம்பெற்றது. பொன் வரி, வெள்ளை முதலிய நிறவகைகள் பின்னர்ச் சேர்ந்தன.

ஏட்டில் ஏறுவதற்கு முன் அதன் நிலை என்ன? 1849இல் பாஸ்டன் நகரில் பெரியதொரு கோழிக் கண்காட்சி நடந்தது. அடுத்த சில ஆண்டுகள் அமெரிக்கரையும் ஆங்கிலேயரையும் ஒரு கோழிப்பித்து ஆட்கொண்டது. சீனத்திலிருந்து கப்பலேறி வந்த பருத்த கோழிகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். ஜார்ஜ் பர்னம் என்னும் வணிகர் 1852இல் விக்டோரியா அரசியாருக்கே ஒன்பது கோழிகளை அன்பளிப்பாக அனுப்பினார். பித்துத் தணிந்தபின் பண்ணையாளர் சிலர் அக்கோழிகளை ஐரோப்பிய இனங்களோடு கலந்து, இறைச்சிக்கும் முட்டைக்கும் ஒருங்கே பயன்படும் பறவையை ஆக்க முயன்றனர். சீப்ரைட், ஹாம்பர்க், கொச்சின், பிரம்மா ஆகியவை அக்கலப்பில் இடம்பெற்றன என்பர். கலப்பினக் குஞ்சாகப் பிறந்த பறவையே, சில தலைமுறைத் தேர்வுக்குப்பின் தூய இனம் என முத்திரை பெற்றது.

இவ்வினங்களின் பெயர்களும் ஆராயத்தக்கவை. கொச்சின் என்றவுடன் தமிழ் மாணவர் கேரளத்துக் கொச்சியை நினைப்பர். அதுவன்று, தென் வியட்நாமைக் குறித்த ‘கொச்சின் சீனா’ என்னும் பெயரே அக்கோழிக்கு இடப்பட்டது. கோழியோ உண்மையில் சீனத்தது. பிரம்மா என்பது பிரம்மபுத்திரா என்பதன் சுருக்கம். அதன் முன்னோருள் சீனக் கோழியும் உண்டு, சிட்டகாங் கோழியும் உண்டு. வயண்டாட் என்பது வட அமெரிக்கப் பழங்குடி ஒன்றின் பெயர். அக்குடியினர் 1843இல் ஒஹையோ மாநிலத்து நிலத்தை இழந்து மேற்கே கான்சாசுக்குப் பெயர்ந்தனர். கோழியை உருவாக்கியதில் அவர்க்குப் பங்கில்லை. மண்ணை இழந்த மக்களின் பெயர், அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஒரு பறவையின் அணியாயிற்று. பெயரைக் கொண்டு பிறப்பை அறிதல் இயலாது என்பதற்கு இவை மூன்றும் சான்று.

பெயர் மறைப்பதை உடல் காட்டும். வயண்டாட்டின் மஞ்சட்காலே அதற்குச் சான்று. கோழியினத்தின் முதல் முன்னோர் தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழி என்பது டார்வின் கண்ட முடிபு. 2020இல் வெளியான மரபணு ஆய்வும், தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழியையே வீட்டுக்கோழியின் முதன்மை மூலமாகக் காட்டியது. ஆயினும் மஞ்சள் தோல் அதனிடமிருந்து வந்ததன்று. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலப்பினால் வந்த மரபணுவே அந்நிறத்துக்குக் காரணம் என்று 2008இல் கண்டறியப்பட்டது. சங்கப் பாடல்கள் கானக்கோழி என்று சுட்டும் பறவைகள் வாழ்ந்த அதே மலைக்காடுகளின் உயிர்ச்செல்வம், வணிகர் வழியே கிழக்கே பரவி, சீனக் கோழியில் கலந்து, அமெரிக்கப் பண்ணை சேர்ந்து, வயண்டாட்டின் காலில் இன்றும் விளங்குகிறது.

அம்மரபணு செயற்படும் முறையும் எளிது. கீரை, சோளம் ஆகியவற்றிலுள்ள மஞ்சள் நிறப்பொருளைப் பிற கோழிகள் தோலில் சிதைத்துவிடும். மஞ்சட்கால் கோழி சிதைக்காமல் சேர்த்துவைக்கும். எனவே பசுந்தீனி மிகுந்தால் கால் பளிச்சிடும். தொடர்ந்து முட்டையிடும் பெட்டையின் கால் வெளுக்கும். நிறம் முட்டைக் கருவுக்குச் செல்வதே அதற்குக் காரணம். காலைப் பார்த்தே பெட்டை நன்கு முட்டையிடுகிறதா என்று அனுபவமுள்ளோர் கூறுவதும் இதனாலேயே.

அடுத்தது கொண்டை. மெண்டலின் மரபு விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சம் பெற்றன. அவை செடிக்கு மட்டுமன்றி விலங்குக்கும் பொருந்தும் என்பதை 1902இல் வில்லியம் பேட்சன் கோழிகளைக் கொண்டே நிறுவினார். ரோஜாக் கொண்டையுடைய வயண்டாட்டையும் பட்டாணிக் கொண்டையுடைய பிரம்மாவையும் கலந்தால் இரண்டுமல்லாத வால்நட் கொண்டை தோன்றும். அக்குஞ்சுகளைத் தம்முள் கலந்தால் வால்நட், ரோஜா, பட்டாணி, ஒற்றை என நான்கும் 9:3:3:1 என்னும் விகிதத்தில் அமையும். அறிவியல் நூல்களில் மாணவர் மனப்பாடம் செய்யும் இவ்விகிதம் கோழிக்கூண்டிலும் காணக்கிடைக்கிறது.

வயண்டாட் வளர்ப்போரை நெடுங்காலம் வாட்டிய குறை ஒன்றும் கொண்டையோடு தொடர்புடையது. அழகிய ரோஜாக் கொண்டைச் சேவல்கள் பலவற்றின் முட்டைகள் கருக்கொள்ளாமல் கூமுட்டையாயின. மறுபுறம், தூய பெற்றோர்க்கும் சிற்சில குஞ்சுகள் ஒற்றைக் கொண்டையுடன் பிறந்தன. அவற்றைக் குற்றமுள்ளவை எனக் கழித்தனர். கழித்தும் அவை மறைந்தபாடில்லை. 2012இல் வெளியான ஆய்வு இரு புதிர்களையும் ஒருங்கே அவிழ்த்தது. 7ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியதால் ரோஜாக் கொண்டை உண்டாகிறது. அத்திருப்பமே விந்தணுவின் இயக்கத்துக்கு வேண்டிய மற்றொரு மரபணுவை முறித்துவிடுகிறது. ரோஜாக் கூற்றைத் தாய், தந்தை இருவழியிலும் பெற்ற சேவலின் வளம் குன்றுகிறது. ஒருவழி ஒற்றைக் கொண்டைக் கூற்றைப் பெற்ற சேவல் வளத்துடன் வாழ்கிறது. குற்றமெனக் கழிக்கப்பட்ட கூறே குலம் அழியாமல் காத்துவந்தது! முழுத்தூய்மையை எய்திய சேவல், தன் தூய்மையாலேயே வளம் குன்றி நலிவுற்றது.

தட்பவெப்பத்துக்கும் பண்புக்கும் உள்ள பொருத்தமும் கருதத்தக்கது. ஒட்டிய கொண்டையும் அடர்ந்த இறகும் பனிக்காலத்துக்கு ஏற்றவை. நீண்ட கொண்டை உறைபனியில் கருகும், இது கருகாது. ஆனால் கோழிக்கு வியர்வை இல்லை. கொண்டை, தாடி, கால் வழியாகவும் மூச்சிரைப்பாலும் வெப்பத்தை வெளியேற்றும். ஆதலின் பனிநாட்டில் சிறப்பாகிய பண்பு, மலாக்காவின் புழுக்கத்தில் சுமையாகும். இத்தகைய இனத்தை இங்கு வளர்ப்போர் நிழல், காற்றோட்டம், குளிர்ந்த நீர் ஆகியவற்றை நாள்தோறும் காத்தளித்தல் வேண்டும். மெலிந்த உடலும் நெடிய காலும் உடைய கம்பத்துக் கோழிக்கோ இக்காப்பு மிகுதியாக வேண்டுவதில்லை. தானே இரைதேடும், தானே அடைகாக்கும், மரத்திலேறி உறங்கும், தோட்ட ஓரத்துக் காட்டுச்சேவலோடும் கலக்கும். ஏடில்லாத அதன் குருதியில் இம்மண்ணுக்குரிய வலிமை எழுதப்பட்டிருக்கிறது.

இன்று அக்கோழிக்கும் இடம் சுருங்கிவிட்டது. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. வீடமைப்புக்கும் தொழிலுக்கும் நிலமாயின. அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பங்கள் கோழிக்கூண்டை உடன்கொண்டு செல்ல இயலவில்லை. கூண்டு போனவுடன் வெடை, அடைக்கோழி, கூமுட்டை என்னும் சொற்களும் இளையோர் நாவிலிருந்து நீங்கத் தொடங்கின. சொல் அழிந்தால் அச்சொல் சுமந்த அறிவும் அழியும். தமிழாசிரியர் வருந்த வேண்டிய இழப்பு இது.

வயண்டாட் அழகிய பறவை; அதனைப் போற்றுவதில் குற்றமில்லை. ஆனால் அதன் சிறப்பு தூய்மையிலிருந்து பிறந்ததன்று. தென்னிந்தியக் காடும் சீனத்து முற்றமும் ஐரோப்பியக் கூண்டும் கூடியதால் பிறந்தது. கலப்பில் தோன்றிய ஒன்றைச் சாதி என உயர்த்தி, கலப்பிலேயே வாழும் கம்பத்துக் கோழியைச் சாதியற்றது எனத் தாழ்த்துவது வரலாறு அறியாதார் செயல். கோழிக்குப் பொருந்தாத அவ்வேற்றத்தாழ்வு வேறெங்குப் பொருந்தும் என்று மாணவர் தாமே வினவுவர். அவ்வினாவை எழுப்பும் பாடம் நல்ல பாடமேயாகும்.