புற்றுநோயை ஒளியாற் காணும் முயற்சி: ஒரு வரலாற்று நோக்கு

புற்றுக் கட்டியொன்றை அகற்ற முற்படும் சத்திர வைத்தியரை எதிர்நோக்கும் வினாக்களுள் முதன்மையானது, அக்கட்டி எங்கே முடிகின்றது என்பதாகும். கதிர்ப்படம் நோயின் இருப்பிடத்தை முன்கூட்டியே காட்டும். எனினும், உடலைத் திறந்தபின் நல்ல தசைக்கும் நோயுற்ற தசைக்கும் இடையேயுள்ள எல்லையை வைத்தியரின் கண்ணும் விரலுமே துணியவேண்டியுள்ளன. குறைவாக வெட்டின் எஞ்சியது மீண்டும் வளரும். மிகுதியாக வெட்டின் நாவோ நரம்போ பழுதுறும். அவ்வெல்லையை ஒளியினாற் காட்ட இயலுமா என்னும் வினாவிலிருந்து வளர்ந்ததே, பெப்தைட்டுகளைக் கொண்டு கட்டியை ஒளிரச் செய்யும் இன்றைய ஆராய்ச்சித் துறை. அதன் வரலாற்றைச் சுருங்கக் கூறி, ஊவா மலைநாட்டு மக்களாகிய நமக்கு அஃது உணர்த்துவது யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாறு நம் பாட்டன்மார் நன்கறிந்த கசப்பு மருந்தொன்றிலே தொடங்குகின்றது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட கொயினாவே அது. தென்னமெரிக்க மலைகளில் வளர்ந்த சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து 1820 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர் அதனைப் பிரித்தெடுத்தனர். நிறமற்ற கொயினாக் கரைசல் வெயிலிலே வைக்கப்படும்போது அதன் மேற்பரப்பு நீலமாக மிளிர்வதை, 1845 இல் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் எடுத்துக்காட்டினார். ஏழாண்டுகள் கழித்து, 1852 இல், கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோர்ஜ் ஸ்ரோக்ஸ் அதன் காரணத்தை விளக்கினார். கண்ணுக்குப் புலனாகாத ஊதாக் கடந்த கதிர்களைக் கரைசல் உட்கொண்டு, அவற்றினும் அலைநீளங் கூடிய நீல ஒளியாகத் திருப்பி உமிழ்கின்றது என்றார். இந்நிகழ்ச்சிக்குப் புளோரொளிர்வு என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே.

ஸ்ரோக்ஸ் ஆராய்ந்த கொயினா நம் மலையில் விளைந்ததன்று. எனினும், ஒன்பது ஆண்டுகளுக்குள் அம்மரம் நம் அயலை வந்தடைந்தது. பண்டாரவளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியா செல்லும் பாதையிலுள்ள ஹக்கலையில், சிங்கோனாவைப் பயிரிடுதற்பொருட்டு 1861 இல் ஒரு தோட்டம் அமைக்கப்பட்டது. இன்றைய ஹக்கலைப் பூங்காவின் தொடக்கம் அதுவே. கோப்பி பொன்னாக விளைந்த அக்காலத்திலே தோட்டத்துரைமார் சிங்கோனாவைப் பெரிதாக மதிக்கவில்லை. 1869 இல் ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் காணப்பட்டன. சில புள்ளிகள்தாமே எனப் பலர் அதனைப் பொருட்படுத்தாது விட்டனர். சில ஆண்டுகளுள் அந்நோய் மலைநாடெங்கும் பரவிக் கோப்பித் தொழிலையே அழித்தது. அதன் பின்னரே சிங்கோனா விரைந்து நடப்பட்டது. 1880களின் நடுப்பகுதியில் ஓராண்டு ஏற்றுமதி 150 இலட்சம் இறாத்தல் அளவை எட்டியது; சந்தையிற் பட்டை குவியவே விலை வீழ்ந்தது; தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் கைகளே இம்மூன்று பயிர்களையும் வளர்த்தன.

இனி, ஒளிரும் பொருள்கள் மருத்துவத்துட் புகுந்தவாற்றைக் காண்போம். 1871 இல் ஜேர்மானிய அறிஞர் அடோல்ப் வொன் பேயர் புளோரசீன் என்னும் சாயத்தை ஆக்கினார். 1947 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் மூர், இச்சாயத்தை நோயாளரின் குருதியிற் செலுத்தி, ஊதாக் கடந்த ஒளியின் கீழ்ப் புற்றுக் கட்டி நல்ல தசையினின்றும் வேறுபட்டு ஒளிர்வதை வெளியிட்டார். மூளைக் கட்டிகளின் இடத்தை அறிவதற்கும் இம்முறை கையாளப்பட்டது. ஆயினும், இதில் இரு குறைகள் இருந்தன. சாயம் கட்டியை நாடிச் செல்வதில்லை. குருதிக் கலன்கள் கசியும் இடமெல்லாம் அது தேங்கும். ஆதலின் வீக்கமும் ஒளிரக்கூடும். அன்றியும், அதனைத் தூண்டும் ஒளியைக் குருதி பெரிதும் விழுங்கிவிடுவதால், தசையின் ஆழத்திலுள்ளது தெரியாது. செந்நிறத்துக்கு அப்பாற்பட்ட கதிர்களில் ஒளிரும் சாயங்கள் பின்னர் வந்து இரண்டாவது குறையை ஓரளவு நீக்கின. அக்கதிர்கள் தசையினூடே சில மில்லிமீற்றர் ஆழம் செல்லவல்லன; அவற்றைக் கண்ணாற் காணவியலாதாகையால் தனிக் கமராக் கருவி வேண்டும்.

முதலாவது குறையை நீக்க உதவியவை பெப்தைட்டுகள். அமினோ அமிலங்கள் சில சங்கிலிபோற் கோக்கப்பட்டு அமைவது பெப்தைட்டு. புரதமும் அவ்வாறே அமைவதெனினும் அதன் சங்கிலி மிக நீண்டது. நம் உடலிலே பல பெப்தைட்டுகள் செய்தி கொண்டு செல்லும் தூதுவராகப் பணிபுரிகின்றன. ஒவ்வொரு தூதும் தன்னை ஏற்கும் வாங்கியையுடைய கலத்திலேயே சென்று படியும். 1973 இல் ரொஜர் கியமெனின் ஆய்வுகூடத்திற் பிரித்தெடுக்கப்பட்ட சோமற்றோஸ்ரற்றின் 14 அமினோ அமிலங்களாலாகிய அத்தகைய தூது. சிலவகைக் கட்டிகளின் கலங்களில் அதனை ஏற்கும் வாங்கிகள் மிகுந்திருப்பது பின்னர்த் தெரியவந்தது. 2001 இல் பேர்லின் நகர ஆய்வாளர், இத்தூதை ஒத்த பெப்தைட்டோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்து எலிகளிற் செலுத்தியபோது, கட்டி தனித்து ஒளிர்ந்தது. முகவரியின்றி வீசப்பட்ட கடிதம்போன்றிருந்த சாயத்துக்கு இப்போது முகவரி கிடைத்தது.

மூன்றாவது படியை 2004 இற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் ரொஜர் சியெனும் அவர்தம் குழுவினரும் அமைத்தனர். சொறிமுட்டையின் பச்சை ஒளிர்புரதத்தைப் பற்றிய ஆய்வுக்காக, ஷிமோமுறா, சல்பி ஆகியோருடன் 2008 ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் இவரே. அவர் வகுத்த முறை நுட்பமானது. நேரேற்றமுடைய பெப்தைட்டுச் சங்கிலி எந்தக் கலத்திலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதனை எதிரேற்றமுடைய மற்றொரு சங்கிலியோடு கொண்டையூசிபோல் மடித்துக் கட்டினால் அவ்வியல்பு அடங்கிவிடும். புற்றுக் கட்டிகள் சுற்றுத் தசையை அரித்து முன்னேறுவதற்குச் சில நொதியங்களைச் சுரக்கின்றன. இரு சங்கிலிகளையும் இணைக்கும் பாலம் அந்நொதியங்களால் அறுபடுமாறு அமைக்கப்பட்டது. பாலம் அறுந்த இடத்திலேயே சாயம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, நோய் பரவுதற்குக் கையாளும் கருவியே நோயைக் காட்டிக்கொடுக்கின்றது.

நொதியத்தால் அறுபட்டபின் ஒளிர்தல் என்னும் இதே கோட்பாட்டிற் பிறந்த பெகுலிசியனின் என்னும் பெப்தைட்டுச் சாயம், லுமிசைட் என்னும் வணிகப் பெயருடன் 2024 ஏப்பிரலில் அமெரிக்க அரசின் அங்கீகாரத்தைப் பெற்றது. மார்பகக் கட்டியை அகற்றியபின் அக்குழியில் நோய் எஞ்சியுள்ளதா எனப் பார்ப்பதற்கு அது பயன்படுகின்றது. 357 பெண்களிற் செய்யப்பட்ட பரிசோதனையில், வழக்கமான சத்திரசிகிச்சையின் பின்னும் எஞ்சியிருந்த புற்று 27 பேரில் இவ்வொளியால் அகற்றப்பட்டது. அதே பரிசோதனையில், எஞ்சிய நோயை ஒளி காட்டியது ஏறத்தாழப் பாதித் தடவைகளிலேயே என்பதும் தெரிந்தது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்னும் எச்சரிக்கையும் அதனோடு இணைக்கப்பட்டுள்ளது. விஞ்ஞானத்தின் வெற்றியைக் கூறுவோர் அதன் எல்லையையும் கூறக் கடமைப்பட்டவராவர்.

இவையெல்லாம் ஊவாவுக்கு உணர்த்துவது யாது? இலங்கையின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களுள் வாய்ப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்னணியில் இருந்துவந்துள்ளது. தோட்டங்களிலே குளிருக்கும் களைப்புக்கும் துணையாக ஆடவரும் பெண்டிரும் வெற்றிலை போடுதல் வழக்கம். புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய்க்குக் காரணமென 1985 இலும், பாக்கைத் தனியாகவே அவ்வாறென 2004 இலும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தது. பொதிசெய்து விற்கப்படும் புகையிலைப் பாக்குக் கலவைகளை 2016 இல் நம் அரசு தடைசெய்தது. எனினும், மடியிலுள்ள வெற்றிலைப் பையைச் சட்டம் சென்றடைவதில்லை.

நெஞ்சறையிலும் வயிற்றிலும் மறைந்து வளரும் நோயைக் காண அறிஞர் நூற்றைம்பது ஆண்டுகள் ஒளியைத் தேடினர். வாய்ப் புற்றுநோயோ பெரும்பாலும் பகலொளியிலேயே புலப்படுவது. ஆறாத புண், கன்னத்தின் உட்புறத்து வெண்படலம் அல்லது செம்படலம், வாயை அகலத் திறக்கவியலாமை ஆகியவை அதன் முன்னறிகுறிகளாகலாம். கண்டி மாவட்டத்திலே சாதாரண சுகாதார ஊழியரே பயிற்சி பெற்றபின் இவ்வறிகுறிகளைக் கண்டறிந்து நோயாளரை அனுப்பிவைக்க இயலுமென, வர்ணகுலசூரிய முதலான ஆய்வாளர் 1984 இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. நம் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச வைத்தியம் உண்டு. ஆயினும், நாட்சம்பளத்தை இழந்து, பேருந்துக் கட்டணம் தேடி, வைத்தியசாலைக்குச் செல்லும் தொழிலாளி, வலி பொறுக்கவொண்ணாத நிலையிலேயே செல்கின்றார். வெண்படலத்தில் வலியில்லை, வலி வரும்போது காலம் கடந்துவிடுகின்றது. அந்நிலையில் எத்துணை நுட்பமான பெப்தைட்டாயினும் வைத்தியருக்கு வெட்டும் எல்லையைத்தான் காட்டும். இழந்த காலத்தை மீட்டுத் தராது.

மடுல்சீமையின் இலைப் புள்ளிகளை முதலிற் கண்டவர்க்குக் கண்ணிற் குறையிருக்கவில்லை. கண்டதைப் பொருட்படுத்தாமையே குறை. அப்பிழையின் விலையை மலைநாடு முழுவதும் கொடுத்தது. நம் கல்லூரி மாணவருட் பலர் தோட்டக் குடும்பங்களிற் பிறந்தவர். அவருள் ஒருவர் நாளை பெப்தைட்டு ஆராய்ச்சியிற் சிறந்து விளங்குவாராயின் அது நமக்குப் பெருமையே. அதற்கு முன், விடுமுறைக்கு லயத்துக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் பாட்டியையும் தந்தையையும் வெளிச்சத்தில் அமரச்செய்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, ஐயமுண்டாயின் அடுத்த வாரமே பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வார்களாக. அதற்குச் சாயமும் வேண்டா, கமராக் கருவியும் வேண்டா. ஒரு கைவிளக்கும், ஒரு நாட்சம்பளத்தை விட்டுக்கொடுக்கும் துணிவும் போதும்.