ஹாலேயில் வார்த்த ஈயம்

தமிழ் அச்சின் கதையைச் சொல்கிறவர்கள் 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தில் ஆரம்பித்து, அங்கிருந்து ஒரே தாவலில் தரங்கம்பாடிக்கு வந்துவிடுவார்கள். நடுவில் ஒரு ஜெர்மன் ஊர் இருக்கிறது. ஸாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே. 1713-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய தமிழ் எழுத்துகளை அங்கேதான் வெட்டி வார்த்தார்கள். நான் மாயவரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துச் சோறு சாப்பிட்டவன், பிறந்தது பொறையார். லைப்சிக்கில் வேலை பார்க்கும் மகள், “அப்பா, ஹாலே இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான்” என்று சொன்ன பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை.

கொடி பிடித்தவர் பின்னால் கும்பலாக ஓடுகிற சுற்றுலா எனக்குச் சரிப்படாது என்று அவளுக்குத் தெரியும். தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாள், கிழக்கு ஜெர்மனிக் காலத்திலேயே இந்த ஊரில் வளர்ந்தவர். அவர் பள்ளியில் படித்தது ருஷ்ய மொழி. ஆங்கிலம் பிற்பாடு கற்றது. எனக்கும் அவ்வளவுதான் வரும் என்பதால் இரண்டு பேரும் நிதானமாக, நன்றாகவே பேசிக்கொண்டோம்.

சந்தைத் திடலில் ஆரம்பித்தோம். ஐந்து கோபுரங்கள். நான்கு ஒரே தேவாலயத்துடையவை. ஐந்தாவது தனியே நிற்கும் செங்கோபுரம், 1418-ல் தொடங்கி 1506-ல் முடித்தது. தேவாலயத்தின் கதை வேடிக்கையானது. பாவமன்னிப்புச் சீட்டு விற்ற விவகாரத்தில் லூதரின் கோபத்துக்கு ஆளான கர்தினால் ஆல்பிரெக்ட் இந்த ஊரில்தான் வாசம் செய்தார். அவர் காலத்தில் இங்கே அடுத்தடுத்து நின்ற இரண்டு பழைய கோயில்களை இடித்து, கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் புதிய கூடம் எழுப்ப ஆரம்பித்தார்கள். வேலை 1529-ல் தொடங்கியது. கூரை முடிவதற்குள் கடனாளியாகி 1541-ல் கர்தினால் ஊரைவிட்டே போனார். அதே வருஷம் லூதரின் நண்பர் யுஸ்டுஸ் யோனாஸ் வந்து இந்தக் கோயிலிலேயே பிரசங்கம் செய்தார். லூதர் 1546-ல் ஐஸ்லேபனில் இறந்து, உடலை விட்டன்பெர்க்குக் கொண்டுபோகும் வழியில் ஓர் இரவு இங்கே வைத்தார்கள். அவர் முகத்தில் எடுத்த மெழுகு அச்சு இன்றும் இந்தக் கோயிலில்தான் இருக்கிறது. “லூதரைத் தடுக்கக் கட்டினார்கள், லூதரின் முகமே உள்ளே வந்துவிட்டது” என்றார் அம்மாள். பல வருஷம் வகுப்பில் சொல்லிச் சொல்லி மெருகேறிய வாக்கியம் என்று தெரிந்தது.

இசைமேதை ஹாண்டெல் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1685-ல். திடலின் நடுவில் சிலை இருக்கிறது. இசை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. சிலையைச் சுற்றி வந்துவிட்டோம்.

கோயிலுக்குப் பின்னால் படியிறங்கினால் தாழ்வான இன்னொரு திடல். ஊரின் பணமெல்லாம் இங்கிருந்துதான் வந்தது. இங்கே நான்கு உப்புநீர்க் கிணறுகள் இருந்தன. சேந்திய நீரைத் தோளில் சுமந்து குடிசைக்குடிசையாகக் கொண்டுபோய், அகலமான தட்டுக் கொப்பரைகளில் ஊற்றி, விறகெரித்துக் காய்ச்சி உப்பெடுத்தார்கள். நீரில் உள்ள அழுக்கு திரண்டு மேலே வர மாட்டு ரத்தம் ஊற்றுவார்களாம். வேதாரண்யத்தில் வெயில் செய்கிற வேலைக்கு இவர்கள் காட்டையே வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். காய்ச்சியவர்களுக்கு ஹலோரன் என்று பெயர். தனிச் சங்கம், தனி உடை, வெள்ளிப் பொத்தான் வைத்த மேலங்கி. ஊரில் சாவு விழுந்தால் பெட்டி சுமப்பதும் அவர்கள்தான். கடைசி அரசு உப்பாலை 1964-ல் மூடிவிட்டது. சங்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பொத்தானின் வடிவத்தில் இந்த ஊரில் மிட்டாய் செய்கிறார்கள். 1804-லிருந்து நடக்கும் சாக்லேட் ஆலை. மகள் ஒரு பெட்டி வாங்கினாள். எனக்கு இனிப்பு ஒரு சுற்றுக் கூடுதல்.

பல்கலைக்கழகத்தைத் தாண்டும்போது ஆந்தோன் வில்ஹெல்ம் ஆமோ என்ற பெயரை அம்மாள் அழுத்திச் சொன்னார். இன்றைய கானாவில் பிறந்து, சிறுவயதிலேயே ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1727-ல் இங்கே மாணவராகச் சேர்ந்தவர். 1729-ல், ஐரோப்பாவில் கறுப்பர்களுக்கு என்ன சட்ட உரிமை என்ற தலைப்பில் வாதம் செய்தார். அந்த ஆய்வுரை காணாமல் போய்விட்டது. அதற்கு ஆறு வருஷம் முன்பு இதே பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியான் வோல்ஃப், சீனர்களுக்குக் கிறிஸ்துவைத் தெரியாமலே நல்லொழுக்கம் இருந்தது என்று 1721-ல் பேசிய பேச்சு வினையாகி, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகாவிட்டால் தூக்கு என்று அரசர் ஆணையிட, ஓடினார். அவர்மேல் புகார் சொன்னவர்களில் ஒருவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. நான் பார்க்க வந்த ஆள் அவர்தான்.

பிராங்கேயின் வளாகத்துக்குப் போகும் வழியில் தலைக்குமேல் ஒரு சிமென்ட் பாலம் குறுக்கிடுகிறது. கிழக்கு ஜெர்மனி அரசு கட்டிய மேம்பாலச் சாலை; வளாகத்தின் முகப்பை ஒட்டியே போகிறது. அன்று முழுக்க ஏற்ற இறக்கமில்லாமல் பேசிய அம்மாளின் குரல் அங்கே மட்டும் உயர்ந்தது. 1946-லேயே பிராங்கேயின் அறக்கட்டளையைக் கலைத்துவிட்டார்கள்; பின்னால் வந்த அந்த அரசு கட்டடங்களை மழையில் நனையவிட்டது. ஜெர்மனி இணைந்த பிறகுதான் கூரையெல்லாம் சரிசெய்தார்கள்.

பிராங்கே 1692-ல் கிளவ்ஹா என்ற புறநகருக்குப் போதகராக வந்தார். ஊர் மதிலுக்கு வெளியே, சாராயக் கடைகள் மலிந்த ஏழைச் சேரி. 1695 ஈஸ்டர் சமயத்தில் அவர் வீட்டு உண்டியலில் யாரோ நாலு தாலரும் பதினாறு குரோஷனும் போட்டுவிட்டுப் போனார்கள். அதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698-ல் அநாதை விடுதிக்கு அடிக்கல். அவர் 1727-ல் இறக்கும்போது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இங்கே படித்தார்கள். மரச்சட்டம் கட்டி எழுப்பிய ஆறடுக்கு வீடு தெரு நீளத்துக்கு நிற்கிறது. வளாகத்துக்குள் மருந்துக்கடை, புத்தகக்கடை, அச்சகம் எல்லாம் இருந்தன. மருந்து தபாலில் தூரதேசங்களுக்குப் போயிற்று. லாபம் பள்ளிக்கு வந்தது. பக்திமானாக மட்டும் பார்த்தால் பிராங்கே பிடிபட மாட்டார். நன்கொடையை எப்படிப் பெறுவது, பெற்றதை எப்படிப் பெருக்குவது என்று அறிந்த நிர்வாகி அவர்.

அச்சகத்துக்காரன் கண்ணுக்கு அதன் உச்சம் 1710-ல் வந்த பைபிள் அச்சுநிலையம். அவருடைய நண்பர் கான்ஸ்டைன் பிரபு தொடங்கியது. எங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ஓடி முடிந்ததும் சாயங்காலமே எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டாக வேண்டும். காலையில் அடுத்த வேலைக்கு அதே எழுத்துதான். ஒரு புத்தகம் என்றால் பதினாறு பக்கம் கோப்போம், ஓட்டுவோம், பிரிப்போம், மறுபடி கோப்போம். கான்ஸ்டைன், பைபிளின் அத்தனை பக்கங்களையும் ஒரே தடவை கோத்து, பிரிக்காமல் அப்படியே கட்டிவைத்துவிடலாம் என்றார். கோக்கும் கூலி ஒரு தரம்தான். பிழை தெரிந்தால் அந்த எழுத்தை மட்டும் பிடுங்கி மாற்றலாம். வேண்டும்போது எடுத்து ஓட்டலாம், விலை சரிந்துவிடும். ஆனால் ஈயத்தில் எவ்வளவு முதல் முடங்கும்! அதைப் போட நன்கொடையாளர்களால்தான் முடியும். 1712-ல் புதிய ஏற்பாடு மலிவு விலையில் வெளிவந்தது.

இந்த இயந்திரத்தோடுதான் நம் தரங்கம்பாடி கோக்கப்பட்டிருந்தது. ஹாலேயில் படித்த சீகன்பால்கு, டென்மார்க் அரசர் மிஷனரியாக அனுப்ப, 1706 ஜூலையில் சக மிஷனரி புளூட்சாவோடு தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ் படித்தார். சுவடிகள் சேர்த்தார். அச்சு வேண்டும் என்று எழுதினார். லண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி புறப்பட்டது. கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் ரியோ டி ஜெனிரோவில் பிடித்தார்கள், கூட வந்த அச்சாளர் வழியிலேயே இறந்தார், பொறி மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்து வந்தது ஹாலேயிலிருந்து.

எழுத்து வார்ப்பது லேசான காரியமல்ல. எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அதைச் சுட்டுக் கெட்டியாக்கிச் செம்பில் அடித்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் ஈயம், அஞ்சனக்கல், வெள்ளீயம் கலந்து உருக்கி ஊற்றினால் எழுத்து பிறக்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி எஃகு. உகர, ஊகார உயிர்மெய்க்கு மட்டுமே முப்பத்தாறு வடிவம். ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்று பழைய கட்டெழுத்துகள் வேறு. 1978-ல் அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றபோது எங்கள் கேஸில் சில அறைகள் காலியானதும், கைப்பழக்கத்தில் வெறும் அறைக்கே விரல் போனதும் நினைவிருக்கிறது. ஹாலேக்காரர்களுக்கு ஒரு தமிழெழுத்தும் தெரியாது. கடல் கடந்து வந்த மாதிரித் தாளைப் பார்த்துச் செதுக்கினார்கள். எந்தக் கோடு எழுத்தின் உயிர், எது எழுதியவர் கைநடுக்கம் என்று அவர்கள் எப்படிக் கண்டார்களோ.

அம்மாள் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்ததால் நூலக வாசிப்பறையில் ‘கிராமாத்திகா தமுலிகா’வைப் பார்க்க முடிந்தது. சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழிலக்கணம், 1716-ல் இங்கேயே அச்சானது. நான் பார்த்தது இலக்கணத்தை அல்ல, எழுத்தின் அளவை. பெரிய எழுத்து. லத்தீன் வரிகளின் நடுவில் தமிழ் தடித்து, அகலமாக உட்கார்ந்திருக்கிறது. இரட்டைக் கொம்பு இல்லை. அது வீரமாமுனிவர் கொடுத்தது என்பார்கள், இந்தப் புத்தகத்துக்குப் பிந்தியது. இந்தப் பருமனில் புதிய ஏற்பாட்டை ஓட்டியிருந்தால் தரங்கம்பாடியில் இருந்த காகிதம் பாதியிலேயே தீர்ந்திருக்கும். தீரத்தான் பார்த்தது. ஹாலேயிலிருந்து எழுத்தோடு வந்த ஆட்லர் என்ற கைவினைஞர் அங்கேயே சின்ன எழுத்து வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈய மூடிகளை உருக்கியதாகச் சொல்வார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முடிந்தது. அதே வருஷம் காகிதத்துக்காக எங்கள் பொறையாரில் ஓர் ஆலை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் எங்களுக்கு அங்கிருந்து வந்ததுதான்.

சீகன்பால்கு 1715-ல் ஹாலேக்கு வந்தபோது கூட மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் இருந்தார். கப்பலிலும் இங்கேயும் தமிழ் வேலைக்குத் துணை. சீகன்பால்குவை விட்டால், தமிழ் எழுத்து இங்கே சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தப் பையனாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வளாகத்தில் அவர் பெயர் எங்கேயாவது உண்டா என்று கேட்டேன். தான் பார்த்ததில்லை என்றார் அம்மாள்.

விடுதியின் மேல்மாடத்தில் ஓர் அதிசயக்கூடம். 1736-லிருந்து சில வருஷங்களில் குருண்ட்லர் என்ற ஓவியர் அலமாரிகள் செய்து, ஒவ்வொன்றின் தலையிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று படம் வரைந்தார். சிப்பிக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. உத்தரத்தில் முதலை தொங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் நம் ஓலைச்சுவடி. முதலைக்குக் கீழே சுவடியைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அதே காலத்தில் நம் ஊர்களில் எத்தனை சுவடி கரையானுக்குப் போயிற்று என்று எண்ணிப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஹாலே அச்சிட்டதற்கும் அச்சிடாததற்கும் ஒரே கணக்குத்தான். 1710 முதல் தரங்கம்பாடிக் கடிதங்களைத் தொகுத்து அறிக்கைகளாக வெளியிட்டார்கள். நன்கொடை கொடுப்பவர்கள் படிப்பதற்கு. அதிலேயே, சீகன்பால்கு கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில்களும் ஜெர்மன் மொழியில் வந்தன. குடிக்கிறீர்கள், பசுவைக் கொன்று தின்கிறீர்கள் என்று கிறிஸ்தவர்களைக் கண்டிக்கும் வரிகளை அங்குள்ளவர்கள் காசு கொடுத்துப் படித்தார்கள். அது வரை சரி. 1713-ல் சீகன்பால்கு தமிழர் தெய்வங்களைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பியபோது, இது வேண்டாம் என்று பிராங்கே வைத்துவிட்டார். அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம்.

இதை வைத்து அம்மாளுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். அப்போது நாங்கள் ஊரின் பழைய கல்லறையில் இருந்தோம். 1557-ல் கட்ட ஆரம்பித்த சதுர மதில், உட்பக்கம் தொண்ணூற்று நான்கு வளைவுகள், ஒரு வளைவில் பிராங்கே. “அவர் அதை அச்சிட்டிருந்தால் பணம் நின்றிருக்கும், உங்களுக்கு எழுத்தும் வந்திருக்காது” என்றார் அவர். அச்சகத்தில் பார்ட்டி சொல்வதுதான் பக்கம் என்று எனக்குத் தெரியும்; அதற்காகக் கையெழுத்துப் பிரதியைப் பூட்டிவைத்தவரை மெச்ச வேண்டியதில்லை என்றேன். அவர் ஒப்பவில்லை. வோல்ஃப் விஷயத்தில் மட்டும் பிராங்கே செய்தது தப்பு என்றார்.

அந்தப் பிரதியைப் பின்னாளில் வில்ஹெல்ம் கெர்மான் என்ற மிஷனரி எடுத்து, 1867-ல் அச்சில் கொண்டுவந்தார். அச்சானது சென்னையில், ஜெர்மன் மொழியிலேயே. தமிழ்த் தெய்வங்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தை நம் ஊர்க் கம்பாசிட்டர்கள், ஒரு சொல்லும் புரியாமல், எழுத்தெழுத்தாகக் கோத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அது வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.